‘சுற்றுச்சூழல் பாதிப்பு இல்லை’ என்று நான் கையெழுத்திடலாமா?

சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் ரெண்டர் பிரிவுக்கு, அதாவது வடிவமைத்த காட்சிகளைக் கணினியில் ஓட்டி இறுதிப் படங்களாக மாற்றும் பிரிவுக்கு, பொறுப்பாக இருக்கும் வாசகி ஒருவர், பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். குடியிருப்புகள் நிறைந்த தெருவில், வாடகைக்கு எடுத்த மூன்று மாடிக் கட்டடத்தில் அந்த நிறுவனம் இயங்குகிறது. நூற்றுப் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். ஹைதராபாத்தில் ஒரு கிளையும் உண்டு. கீழ்த்தளத்தில் அறுபது ரெண்டர் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஐரோப்பாவிலுள்ள வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று, குழந்தைகளுக்கான தொடரின் அடுத்த பகுதியைத் தருவதற்கு முன்னால், சுற்றுச்சூழல் பற்றிய கேள்விப் படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. அதைப் பூர்த்தி செய்து கையெழுத்திடும் பொறுப்பு வாசகியின் தலையில் விழுந்திருக்கிறது. ‘நமக்குப் படப்பிடிப்பும் கிடையாது, பயணமும் கிடையாது, எனவே குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்றும், ‘மின்கழிவு முழுவதும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது’ என்றும் எழுதச் சொல்லியிருக்கிறார் நிர்வாக இயக்குநர். ஆனால் சென்ற ஆண்டு பழைய இயந்திரங்களும் யூபிஎஸ் பேட்டரிகளும் குட்டி யானை வண்டியில் ஏறிக் காயலான் கடைக்குப் போனதை வாசகி தன் கண்ணால் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டு முதியவர்கள் ஜெனரேட்டர் சத்தத்தையும் புகையையும் பற்றிப் பலமுறை வந்து முறையிட்டிருக்கிறார்கள். ‘கையெழுத்துப் போட்டால் நான் மாட்டிக்கொள்வேனா? மறுத்தால் வேலை போகுமா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நானே எழுதிப் போடட்டுமா? கடைசியில், பதினோரு வருடமாக நான் செய்துவரும் இந்தத் தொழிலே தவறானதுதானா?’ என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெளிந்துவிட்டால், படிவத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதும் தெளிந்துவிடும். உங்கள் தொழில் தவறானதல்ல. நடிகர்களை வைத்து வெளியூரில் படம் எடுப்பவர்கள் விமானத்திலும் வேன்களிலும் செலவழிக்கும் எரிபொருள், செட்டுக்காக அறுக்கும் மரம், இரவுப் படப்பிடிப்புக்கு எரிக்கும் டீசல் ஆகியவை உங்கள் தொழிலில் இல்லை என்பது உண்மையே. உங்கள் இயக்குநர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால், படப்பிடிப்பு இல்லை என்பதிலிருந்து பாதிப்பும் இல்லை என்ற முடிவுக்கு அவர் தாவுவதுதான் பிழை. உங்கள் தொழிலின் பாதிப்பு பெரும்பாலும் மின்சாரத்தின் வழியாக, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிகழ்கிறது. மிச்சம் நீங்கள் தூக்கி எறியும் இயந்திரங்களின் வழியாக நிகழ்கிறது.

மின்சாரக் கணக்கை முதலில் போடுங்கள்

அறுபது இயந்திரங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் ரெண்டர் ஓடும்போது 450 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் இயந்திரம் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கையடக்க மின்மானி ஒன்றைச் செருகி நீங்களே பார்த்துவிடலாம். அறுபதும் சேர்ந்து 27 கிலோவாட். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 648 யூனிட். இயந்திரம் உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த வெப்பத்தை அறையிலிருந்து இறைத்து வெளியேற்ற ஏசி வேண்டும். அதற்கு 40 விழுக்காடு கூட்டினால் நாளொன்றுக்கு 900 யூனிட்டைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டு வந்த மின்சாரம் 100 யூனிட் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் கட்டமைப்பிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பது மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. அந்தக் கணக்குப்படி உங்கள் கீழ்த்தளத்து அறை மட்டுமே மாதத்துக்கு ஏறக்குறைய 19 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது. ஓவியர்களின் கணினிகளும் மேல்மாடி ஏசிகளும் இதில் சேரவில்லை. அந்த மின்சாரத்தின் ஒரு பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. வடசென்னையில் அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பது பற்றிய வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் திரையில் மின்னும் ஒரு ஃப்ரேமுக்கும் (காட்சியின் ஒரு தனிப் படத்துக்கும்) எண்ணூர் மீனவரின் வலைக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இதை உங்களைக் குற்றவாளியாக்குவதற்காகச் சொல்லவில்லை. ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்ற வாக்கியத்தில் ஏன் கையெழுத்திடக் கூடாது என்பதற்கு உங்கள் கையில் ஓர் எண் இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

புதிய, வேகமான இயந்திரங்களை வாங்கிவிட்டால் மின்செலவு தானாகக் குறைந்துவிடும் என்று உங்கள் இயக்குநர் கூறுவதாக எழுதியிருக்கிறீர்கள். தொழிலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படமான ‘டாய் ஸ்டோரி’ 1995இல் வெளிவந்தபோது அதை ரெண்டர் செய்தவை 117 கணினிகள். அதன் பிறகு கணினியின் வேகம் எத்தனையோ மடங்கு பெருகியும், அதை எடுத்த பிக்ஸார் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஒரு படத்தில் ஒரு ஃப்ரேமுக்குச் சராசரியாக 29 மணி நேரம் பிடித்தது. வேகம் கூடக் கூட, முடியின் ஒவ்வோர் இழையும் வேண்டும், புகையின் ஒவ்வொரு துகளும் வேண்டும் என்று நம் ஆசையும் கூடிவிடுகிறது. கணினி வரைகலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜிம் பிளின் பெயரால் இதை ஒரு விதியாகவே சொல்வார்கள்: இயந்திரம் எவ்வளவு வேகமானாலும் ரெண்டர் நேரம் மாறாது. புதிய இயந்திரம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதிக வேலை செய்யும் என்பது உண்மைதான். மிச்சமாகும் அந்த நேரத்தை என்ன செய்யப்போகிறோம் என்று யாராவது முன்கூட்டியே தீர்மானித்தால் ஒழிய, கட்டணச் சீட்டு இறங்காது.

‘எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் நம் கணக்கு பூஜ்யமாகிவிடும்’ என்ற யோசனையும் உங்கள் அலுவலகத்தில் அடிபடுகிறது போலிருக்கிறது. கிளவுட் என்பதும் வேறோர் ஊரில் இருக்கும் கணினிக் கூடம்தான். கரியமில வாயுவைக் கணக்கிடுவதற்கான சர்வதேச நெறிமுறையில், நீங்கள் நேரடியாக எரிக்கும் டீசல் முதல் பிரிவிலும், வாங்கும் மின்சாரம் இரண்டாவது பிரிவிலும், பிறரிடமிருந்து வாங்கும் சேவையால் வரும் பாதிப்பு மூன்றாவது பிரிவிலும் சேரும். கிளவுடுக்குப் போனால் கணக்கு இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. ஆனால் எந்த ஊரிலுள்ள கூடம் என்பது முக்கியம்: பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் ஓடும் கனடாவின் கியூபெக்கில் ரெண்டர் செய்வதற்கும் மும்பையில் ரெண்டர் செய்வதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அதைத் தேர்ந்தெடுத்து வாங்கினால் அது உண்மையான குறைப்பு. எதையும் பார்க்காமல் மாற்றிவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினால் அது பொய்.

ஐரோப்பிய வாடிக்கையாளர் ஏன் இதையெல்லாம் கேட்கிறார் என்பதற்கும் இதுவே விடை. அவர் உங்களிடமிருந்து வாங்கும் வேலை அவருடைய மூன்றாவது பிரிவில் வருகிறது. திரைத் தயாரிப்பின் கரியமிலக் கணக்கைப் போடுவதற்குப் பிரான்சில் எகோப்ராட் அமைப்பு 2009இலும், பிரிட்டனில் ஆல்பர்ட் அமைப்பு 2011இலும் தொடங்கப்பட்டன. அவருக்கு வேண்டியது ஓர் எண். நீங்கள் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினால், படிவத்தைப் படிப்பவருக்கு நிம்மதி வராது, சந்தேகம்தான் வரும். அறுபது இயந்திரங்கள் வைத்திருப்பவர்கள் பாதிப்பே இல்லை என்று சொன்னால், மற்ற பதில்களையும் அவர் நம்பமாட்டார்.

கையெழுத்து உங்களுடையது

‘இயக்குநர் சொல்லித்தானே எழுதினேன், பொறுப்பு அவருக்குத்தானே’ என்று நீங்கள் நினைப்பது பாதிதான் சரி. ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை பொறுப்பு நிறுவனத்துடையது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பொய்யென்று தெரிந்தே ஒன்றைச் சொல்லி ஒப்பந்தம் செய்ய வைப்பதை 17ஆம் பிரிவிலும், அந்த உள்நோக்கம் இல்லாமல் தவறான தகவல் தருவதை 18ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது. இரண்டிலும் ஏமாந்த தரப்பு ஒப்பந்தத்தைக் கைவிட 19ஆம் பிரிவு வழி செய்கிறது. உங்கள் ஒப்பந்தம் வெளிநாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கலாம். அங்கும் இதே கொள்கை ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

குற்றவியல் சட்டம் வேறு. அங்கே மேலதிகாரி சொன்னார் என்பது, பொய்யென்று தெரிந்தே செய்தவருக்குக் கவசம் ஆகாது. ஏமாற்றிப் பொருள் பெறுவது, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வருகிறது. இதைவிட நான் கவலைப்படுவது உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் வந்துபோகும் செய்தியைப் பற்றி: ‘மறுசுழற்சிச் சான்றிதழ் கேட்டால் ஒன்று தயார் செய்துவிடலாம்’ என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னாராம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். படிவத்தில் மிகைப்படுத்தி எழுதுவது ஒன்று. இல்லாத சான்றிதழை உருவாக்குவது 336ஆம் பிரிவின் பொய் ஆவணக் குற்றம், அதை உண்மை ஆவணம் போலப் பயன்படுத்துவது 340ஆம் பிரிவு. அதைத் தயாரித்தவர் யாரானாலும், தெரிந்தே இணைத்து அனுப்பியவர் நீங்களாக இருந்தால் உங்கள் பெயரும் வழக்கில் வரும்.

ஐரோப்பிய நிறுவனம் ஒன்று இதற்காகச் சென்னைக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். வீணாகப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. நடைமுறையில் நடப்பது வேறு. தணிக்கையில் விஷயம் வெளிவரும், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நிறுத்துவார், நிறுவனம் ‘படிவத்தைப் பூர்த்தி செய்தவர் தவறான தகவல் கொடுத்துவிட்டார்’ என்று உங்களைக் காட்டும். அப்போது உங்கள் கையில் எழுத்துப்பூர்வமாக ஒன்றும் இருக்காது.

விளம்பரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் ‘பசுமை ஸ்டுடியோ’ என்று போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகள், ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் விளம்பரத்தில் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. மொட்டை மாடியில் நான்கு தொட்டிச் செடி வைத்ததை ஆதாரமாகக் காட்ட முடியாது.

காயலான் கடைக்குப் போன இயந்திரங்கள்

இந்தக் கேள்வியில் சட்டம் நீங்கள் நினைப்பதைவிடச் சற்று நுட்பமானது. மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பட்டியலிடப்பட்ட மின், மின்னணுக் கருவிகளில் குறைந்தது 1000 அலகுகளை ஒரு நிதியாண்டில் எப்போதாவது பயன்படுத்திய நிறுவனத்தை அவை பெருநுகர்வோர் என்கின்றன. அத்தகைய நிறுவனம் தன் மின்கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ‘நாம் அவ்வளவு பெரிய ஆளில்லை’ என்று உங்கள் இயக்குநர் சொல்வது சரியா என்பதை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியை மட்டும் எண்ணக் கூடாது. விதிகளின் முதல் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஏசி, பிரிண்டர், தொலைபேசி என்று ஒவ்வோர் இனமாகப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை நிறுவனத்துக்கானது, கட்டடத்துக்கானது அல்ல. ஹைதராபாத் கிளையும் சேரும்.

எண்ணிக்கை 1000ஐத் தொடாவிட்டால், பெருநுகர்வோருக்கான கடமை உங்கள் நிறுவனத்தைக் கட்டாது. அப்போது காயலான் கடைக்குக் கொடுத்தது அந்த விதிகளின்படி உங்கள் மீதான குற்றமாகாமலும் போகலாம். ஆனால் ‘பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்தோம்’ என்று படிவத்தில் எழுதுவது அப்போதும் பொய்தான். பேட்டரிகளின் கதை வேறு. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, நுகர்வோர் எவருக்கும் பொருந்தும். அங்கே ஆயிரம் என்ற வரம்பெல்லாம் கிடையாது. பழைய பேட்டரியை மற்றக் குப்பையிலிருந்து பிரித்து, சேகரிப்பு அல்லது மறுசுழற்சியில் ஈடுபட்டுள்ள அமைப்பிடம் கொடுக்க வேண்டும். யூபிஎஸ் பேட்டரியில் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். குடிசைப் பட்டறையில் அதை உடைப்பவர் அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத் தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்குவார்; அந்தப் புகையைச் சுவாசிப்பதில் முதலிடம் பக்கத்தில் விளையாடும் குழந்தைகளுக்கு. கம்பியின் உறையை எரித்துச் செம்பை எடுப்பதும், மதர்போர்டை அமிலத்தில் ஊறப்போட்டுத் தங்கத்தைப் பிரிப்பதும் நம் நாட்டில் இன்றும் நடக்கின்றன. பழைய எல்சிடி திரைகளின் பின்விளக்குக் குழாய்களில் பாதரசம் இருந்தது. குழந்தைகளுக்கான தொடர் எடுக்கும் இடத்திலிருந்து போகும் கழிவு இப்படி முடிவது உங்களை உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த உறுத்தல் நியாயமானது.

உங்கள் இயக்குநரிடம் இதைப் பேசும்போது சுற்றுச்சூழலைவிட அவர் காது கொடுத்துக் கேட்கக்கூடிய வேறொரு வாதம் உண்டு. அந்தப் பழைய இயந்திரங்களின் ஹார்ட் டிஸ்க்குகள் எங்கே? வெளிவராத காட்சிகள் அவற்றில் இருந்திருக்கும். வெளிநாட்டு ஸ்டுடியோக்களின் ஒப்பந்தங்களில் தகவல் பாதுகாப்பு விதி மிகக் கடுமையானது; வட்டுகளை அழித்ததற்கான பதிவை அவர்கள் கேட்பார்கள். காயலான் கடைக்கு வட்டோடு போன இயந்திரம் ஒன்று சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் விலைபோய், அதிலிருந்து ஒரு காட்சி இணையத்தில் கசிந்தால், அதன் விளைவு சுற்றுச்சூழல் படிவத்தால் வரக்கூடியதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போனால் வட்டை அழித்த சான்றும் கழிவை ஒப்படைத்த சான்றும் ஒரே நடையில் கிடைத்துவிடும். வட்டுகளை நொறுக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முறையாகத் தகவலை அழித்தபின் மறுபடி பயன்படுத்த இடமளிக்கும் தொழில்நுட்ப நெறிகள் உள்ளன. ஒப்பந்தம் எதை ஏற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டார்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் குழப்பத்துக்கு அதிக இடமில்லை. ‘மின்சாரம் போவது நம் தவறா’ என்பது பதிலாகாது. 1000 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அலகு) வரையிலான டீசல் ஜெனரேட்டருக்கு, அதன் ஒலியடக்கு உறையிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபல் என்பதே வரம்பு. குடியிருப்புப் பகுதியில் சுற்றுப்புற ஒலி அளவு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 என்று ஒலி மாசு விதிகள், 2000 வகுத்திருக்கின்றன. அதற்கு மேல் 10 டெசிபல் கூடினால் யாரும் அதிகாரியிடம் புகார் செய்யலாம். புகைக்குழாய் கட்டடத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். கட்டடத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதற்கு, கேவிஏ அளவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கும் சூத்திரம் இருக்கிறது. உங்கள் 125 கேவிஏ இயந்திரத்துக்கு அது ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். நீங்கள் எழுதியபடி குழாய் முதல் மாடி ஜன்னலுக்கு நேராக முடிகிறதென்றால், அந்த முதியவர்கள் புகார் கொடுத்த அன்றே நிறுவனம் தோற்றுவிடும். குழாயை உயர்த்தும் செலவு, ஒரு நாள் வேலை நின்றால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு. அதை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அவர்களிடம் யாராவது நேரில் போய் மன்னிப்பும் கேளுங்கள்.

உங்கள் முன்னுள்ள வழிகள்

முதல் வழி, சொன்னபடி கையெழுத்திடுவது. அது கூடாது என்பதற்கான காரணங்களைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவது. அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் இந்த நிலையில் அதை நான் பரிந்துரைக்கவில்லை. தனியார் நிறுவன ஊழியர் ஒருவர் வெளியில் புகார் செய்தால் அவரைக் காக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. முறைகேட்டைத் தெரிவிப்போரைக் காக்க 2014இல் இயற்றப்பட்ட சட்டம் அரசு ஊழியர்களைப் பற்றிய புகார்களுக்கானது. கம்பெனிச் சட்டத்தின்படியான உள்புகார் ஏற்பாடும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் வைப்புநிதி பெறுபவை, பெருமளவு வங்கிக் கடன் வாங்கியவை ஆகியவற்றுக்கே கட்டாயம். உள்ளே ஒருமுறைகூட எழுத்தில் எச்சரிக்காமல் வெளியே போனால், உங்கள் நல்லெண்ணத்தை நிரூபிப்பதே கடினமாகிவிடும்.

நான் சொல்வது மூன்றாவது வழி. உண்மையான எண்களோடு படிவத்தை நீங்களே பூர்த்தி செய்து, கையெழுத்திடாமல், இயக்குநரின் ஒப்புதலுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளும் டீசல் வாங்கிய பில்களும் கணக்குப் பிரிவில் இருக்கும். யூனிட்டை 0.7ஆலும், டீசல் லிட்டரை ஏறக்குறைய 2.7ஆலும் பெருக்கினால் கிலோவில் கரியமில வாயுக் கணக்கு வந்துவிடும். மதிப்பீடுகளைப் பயன்படுத்தலாம், எப்படி மதிப்பிட்டீர்கள் என்பதை எழுதினால் போதும், சர்வதேச நெறிமுறையே அதை அனுமதிக்கிறது. மின்கழிவுக் கேள்விக்கு, ‘இதுவரை பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியாக அகற்றும் முறை முழுமையாக இல்லை, இனி அவ்வாறே ஒப்படைக்க முடிவு செய்து ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம்’ என்று எழுதலாம். அப்படி எழுதுவதற்கு முன்னால் அந்த ஒப்பந்தம் உண்மையில் தொடங்கியிருக்க வேண்டும். கூடவே அனுப்பும் மின்னஞ்சலில் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். இப்படி இருக்கட்டும்:

‘ஐயா, படிவத்துக்கான பதில்களை ரசீதுகளின் அடிப்படையில் தயாரித்து இணைத்திருக்கிறேன். பாதிப்பு இல்லை என்றும் மின்கழிவு முழுவதும் பதிவுபெற்றவரிடம் போகிறது என்றும் எழுத நம்மிடம் ஆவணம் இல்லாததால், தணிக்கையில் கேட்டால் காட்ட இயலாது. வாடிக்கையாளரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டால் கழிவு ஒப்பந்தத்தையும் முடித்துவிடலாம். தங்கள் முடிவைத் தெரிவிக்கவும்.’

இந்த ஒரு மின்னஞ்சல், நாளை எது நடந்தாலும் உங்கள் பக்கம் நிற்கும். பொய் எழுதியே ஆக வேண்டும் என்று அவர் பதிலளித்தால், அவரே கையெழுத்திடட்டும் என்று பணிவாக மறுத்துவிடுங்கள்.

படிவத்தில் பெரும்பாலும் ‘குறைக்க என்ன செய்கிறீர்கள்’ என்றொரு பகுதி இருக்கும். அங்கேதான் பதினோரு வருட அனுபவம் பேச வேண்டும், ஏனென்றால் இதில் இயக்குநரைவிட அதிகாரம் உள்ளவர் நீங்கள். தொண்ணூறு நிமிடப் படத்தில், நொடிக்கு 24 வீதம், 1,29,600 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேமுக்கு ஓர் இயந்திரத்தில் இரண்டு மணி நேரம் என்றால், குளிரூட்டலையும் சேர்த்து ஒரே ஒரு முறை ரெண்டர் செய்வதற்கு மேற்சொன்ன கணக்கில் ஏறக்குறைய 114 டன். ஆனால் எந்த ஷாட்டும் ஒரே முறையில் முடிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். லைட்டிங்கில் ஒரு மாற்றம், துணியில் ஒரு நடுக்கம், படம் மினுமினுக்கும் ஃபிளிக்கர் என்று திரும்பத் திரும்ப முழுத் தரத்தில் இரவு முழுக்க ஓட்டிவிட்டு, காலையில் வந்து பார்த்துத் தூக்கிப் போடுவதுதான் இத்தொழிலின் மிகப் பெரிய வீண்செலவு. பத்து ஃப்ரேமுக்கு ஒன்று வீதம் பாதி அளவில் முதலில் ஓட்டிப் பார்த்து, சூப்பர்வைசர் ஒப்புதல் தந்த பிறகே முழு ரெண்டரை க்யூவில், அதாவது இயந்திரங்களின் வேலை வரிசையில், ஏற்றுவது என்ற ஒரே விதியை நீங்கள் கொண்டுவரலாம். படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் மென்பொருளான டீநாய்சரை நம்பி, ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் ஒளி மாதிரிகளின் (சாம்பிள்) எண்ணிக்கையைக் குறைப்பது, வேலையில்லாத இயந்திரங்களைத் தானாக உறங்க வைப்பது, ரெண்டர் அறையில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்காமல் தடுப்பு வைப்பது ஆகியவற்றுக்கும் பெரிய முதலீடு வேண்டாம். எத்தனை திருத்தங்களுக்கு மேல் கூடுதல் கட்டணம் என்பதை வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதும்படி கேளுங்கள். பதின்மூன்றாவது முறையாக ‘வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக’ என்று கேட்பவருக்கும் இந்தப் பாதிப்பில் பங்குண்டு.

மின்சாரத்தின் மூலத்தை மாற்றுவது அடுத்த கட்டம். 2022ஆம் ஆண்டின் பசுமை மின்சார விதிகள், காற்றாலை, சூரிய மின்சாரத்தை நேரடியாக வாங்குவதற்கான குறைந்தபட்ச அளவை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறக்கியிருக்கின்றன. உங்கள் ஒப்பந்த மின்பளு அந்த அளவைத் தொடுகிறதா என்று ரசீதில் பாருங்கள். கூரையில் சூரியத் தகடு வைப்பதற்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு தேவை. வைத்தால், கனமான ரெண்டர்களை இரவிலிருந்து பகலுக்கு மாற்றினால்தான் பயன் கிடைக்கும். மரக்கன்று நட்டுக் கணக்கை நேர்செய்வதைக் குறைப்பின் பட்டியலில் எழுதாதீர்கள். நடலாம், ஆனால் அது வேறு பகுதி.

வேலையைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த ஊழியரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் உங்கள் அடையாள அட்டையில் ‘மேனேஜர்’ என்று இருப்பது மட்டும் அதை முடிவு செய்யாது. ஆட்களை நியமிக்கவும் நீக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா, அல்லது க்யூவைக் கண்காணிப்பதுதான் உங்கள் அன்றாட வேலையா என்பதைத்தான் பார்ப்பார்கள். கடிதத்தைப் படித்த வரையில் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. மேல்முறையீட்டுக்கான கால அவகாசம் குறுகியது. நீக்க உத்தரவு கைக்கு வந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், மேலே சொன்ன மின்னஞ்சல் ஆகியவற்றின் நகலை உங்களிடம் வைத்திருங்கள். வாடிக்கையாளரின் காட்சிகள், கோப்புகள், ஸ்கிரீன்ஷாட்டுகள் எதையும் ஆதாரம் என்று நினைத்து அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். அது இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகி, நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் அவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிடும்.